இரத்தம் திரும்பும் நிமிடம்: உறுப்பைக் காக்கும் மருந்துகளோடு பணியாற்றிய அனுபவம்

மாரடைப்பில் அடைபட்ட தமனியைத் திறக்கவும், பக்கவாதத்தில் மூளைத் தமனியிலிருந்து இரத்தக்கட்டியை உருவி எடுக்கவும், கொடையாகப் பெற்ற சிறுநீரகத்தை இன்னொருவர் உடலில் இணைத்து இரத்தம் பாய்ச்சவும் இன்று தேர்ந்த வழிமுறைகள் உள்ளன. இவை மூன்றிலும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. இரத்தமின்றித் தவித்த திசுவுக்கு இரத்தம் திரும்பும்போது, பிழைக்க வழி கிடைக்கும் அதே நிமிடங்களில் அத்திசுவின் ஒரு பகுதி கூடுதலாக அழிந்துவிடுகிறது. மருத்துவர்கள் ரீபர்ஃப்யூஷன் காயம் என்று சொல்லும் இதை இங்கே மீளோட்டக் காயம் என்று குறிப்பிடுகிறேன். இக்காயத்தைக் குறைக்கும் மருந்துகளோடு நான் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறேன். முதலில் தனியே பிரித்தெடுத்த இதயங்களை வைத்து ஆய்வு செய்யும் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில், பின்னர் மருத்துவமனைகளில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளின் கண்காணிப்பாளராக. இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், பரிசோதனையில் சேரும்படி கேட்கப்படும் நோயாளிகளின் குடும்பத்தாரும் என்னிடம் பெரும்பாலும் மருந்தின் பெயரைச் சொல்லி, அது நல்லதா என்று கேட்பார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். இரத்தம் திரும்பிய நிமிடத்தில் அந்த மருந்து திசுவுக்குள் இருந்ததா? இருந்தது என்று எந்தத் தரவைக் கொண்டு சொல்கிறார்கள்?

இக்கேள்வி ஏன் முக்கியம் என்பதை விளக்க, செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆக்சிஜன் நின்றதும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. குறைகிறது, லாக்டிக் அமிலம் சேர்ந்து செல்லின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது, சோடியமும் அதைத் தொடர்ந்து கால்சியமும் உள்ளே குவிகின்றன. இந்த நிலையில் அமிலத்தன்மை ஒரு விதத்தில் காவலாகவும் இருக்கிறது, ஏனெனில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஒரு பெருந்துளை அமிலச் சூழலில் மூடியே கிடக்கும். இரத்தம் திரும்பியதும் அமிலம் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடுகிறது, ஆக்சிஜன் கிடைக்கிறது, அடைப்பின்போது தேங்கிய சக்சினேட் என்னும் வளர்சிதைப் பொருள் வேகமாக எரிந்து, மின்னணுக்கள் பின்னோக்கி ஓடி, ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள் பெருகுகின்றன. சக்சினேட்டின் இப்பங்கைச் சௌச்சானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்டார்கள். கால்சியம் மிகுதி, தீவிர மூலக்கூறுகள், அமிலம் நீங்கிய சூழல் ஆகிய மூன்றும் ஒருசேர அமையும்போது அந்தப் பெருந்துளை திறக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கிறது. அதன்பின் அந்தச் செல்லைக் காப்பாற்ற எந்த மருந்தாலும் இயலாது. இத்துளை அடைப்பின்போது மூடியிருந்து, ஓட்டம் திரும்பிய பிறகே திறக்கிறது என்பதைக் கிரிஃபித்ஸும் ஹேலஸ்ட்ராப்பும் 1995இல் எலி இதயங்களில் காட்டினார்கள். அந்த ஒரு முடிவிலிருந்தே இந்தத் துறையின் கால அட்டவணை முழுவதும் பிறக்கிறது. வெள்ளணுக்கள் வந்து சேர்வது, நுண்குழாய்கள் அடைபட்டு, பெரிய தமனி திறந்தும் திசுவுக்கு இரத்தம் எட்டாமல் போவது போன்றவை மணிக்கணக்கில் நீளும் பிந்தைய அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் நான் கற்ற முதல் முறை, ஆஸ்கார் லாங்கென்டார்ஃப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. இதயத்தை உடலிலிருந்து பிரித்து, பெருந்தமனியின் வழியே 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலைப் பாய்ச்சினால் அது தொடர்ந்து துடிக்கும். ஒரு கிளைத் தமனியைச் சுற்றி நூல் இட்டு இறுக்கினால் அடைப்பு, தளர்த்தினால் மீளோட்டம். இறுதியில் நூலை மீண்டும் இறுக்கி நீலச் சாயம் செலுத்துவோம். ஓட்டம் பெறும் பகுதி நீலமாகும், அடைப்புக்கு உட்பட்ட பகுதி சாயமேறாமல் நிற்கும். பிறகு இதயத்தைத் துண்டுகளாக்கி டெட்ரசோலியம் கரைசலில் வைத்தால், உயிருள்ள திசு செங்கல் நிறச் சிவப்பாகவும் இறந்த திசு வெளிறியும் தெரியும். மருந்தின் பயன் என்று கட்டுரைகளில் அச்சாகும் எண், வெளிறிய பரப்பை அடைப்புக்கு உட்பட்ட பரப்பால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே. வகுக்கும் எண் மாறினாலும் விடை மாறும் என்பதால், நூலை ஒருவர் சற்று மேலேயும் இன்னொருவர் சற்றுக் கீழேயும் இடுகிற ஆய்வுக்கூடத்தில் எந்த மருந்தும் ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மோசமாகவும் தோன்றும். ஆகவே ஒரு தொடர் ஆய்வு முழுவதற்கும் நூலிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும், அவருக்கு எந்த இதயம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது என்பதும், பரப்பை அளப்பவர் மூன்றாம் நபராக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் குழுவில் எழுதப்பட்ட விதிகளாயின.

வெப்பநிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உயிருள்ள விலங்கில் மார்பைத் திறந்து செய்யும் ஆய்வில், இதயத்தின் வெப்பம் ஓரிரு டிகிரி தணிந்தாலே இறந்த பகுதியின் அளவு குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிவிடும். உடல் வெப்பத்தைத் தணிக்கும் பக்கவிளைவு கொண்ட எந்த மருந்தும் இதயத்தைக் காக்கும் மருந்தாகத் தோற்றமளிக்கக்கூடும். இதேபோல, ஐசோஃப்ளூரேன் போன்ற உள்ளிழுக்கும் மயக்க மருந்துகள் தாமே இதயத்தை ஓரளவு காப்பவை. அம்மயக்கத்தில் கிடத்தப்பட்ட விலங்கில் இன்னொரு மருந்தின் பயனைப் பிரித்தறிவது கடினம். புதிதாகச் சேரும் மாணவருக்கு நான் கொடுக்கும் முதல் வேலை மருந்துப் பரிசோதனை அல்ல. வெப்பமானியை இதயத்தின் அருகிலேயே வைத்து, அடைப்பின் தொடக்கம் முதல் இறுதிவரை பதிவு செய்து, அந்த வரைபடத்தை என்னிடம் காட்ட வேண்டும். வரைபடம் தட்டையாக வரும்வரை மருந்துக் குப்பியைத் திறக்க அனுமதிப்பதில்லை. பலருக்கு இது சலிப்பூட்டுகிறது; எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்தது, முறை சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ஓர் அளவுகோல். 1986இல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் ஆகிய மூவரும் நாய்களில் ஒரு வியப்பான முடிவைக் கண்டார்கள். இதயத் தமனியை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டு, அதன்பின் 40 நிமிட அடைப்பை ஏற்படுத்தினால், நேரடியாக 40 நிமிட அடைப்புக்கு உள்ளான இதயங்களோடு ஒப்பிடும்போது இறந்த பகுதி ஏறத்தாழ கால் பங்கே இருந்தது. முன்பழக்கல் என்று சொல்லத்தக்க இந்த முறை, அதன்பின் பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லா விலங்கினங்களிலும் வேலை செய்தது. ஒரு ஆய்வுக்கூடத்தில் முன்பழக்கலே பயன் தரவில்லை என்றால், அங்கே ஒரு மருந்து பயன் தரவில்லை என்ற செய்திக்கும் பயன் தந்தது என்ற செய்திக்கும் பொருளில்லை. ஒவ்வொரு தொடர் ஆய்விலும் முன்பழக்கல் குழு ஒன்றைச் சேர்ப்பது செலவும் உழைப்பும் பிடிப்பதுதான். ஆனாலும் அதைக் கைவிட்ட ஆய்வுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

விலங்கினத் தேர்விலும் கவனம் தேவை. கினிப் பன்றியின் இதயத்தில் கிளைத் தமனிகளுக்கிடையே இயற்கையான இணைப்புகள் மிகுதி. ஒரு தமனியை அடைத்தாலும் திசு இறப்பதில்லை. நாய்களில் இவ்விணைப்புகளின் அளவு நாய்க்கு நாய் வேறுபடும். பன்றிக்கும் முயலுக்கும் மிகக் குறைவு. தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி எலியின் இதயத்தில் போதிய அளவு உண்டு. மனித இதயத்திலோ மிகவும் குறைவு. அந்நொதியைத் தடுக்கும் அலோப்யூரினால் எலியில் காட்டிய பயனை மனித இதயத்தில் எதிர்பார்ப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். அதோடு, எங்கள் விலங்குகள் எல்லாம் இளம் வயதினவை, நோயற்றவை, வேறு மருந்து எதுவும் உட்கொள்ளாதவை. மாரடைப்போடு வருபவர் பெரும்பாலும் இவற்றுக்கெல்லாம் நேர்மாறானவர்.

சைக்ளோஸ்போரின் கதையை இத்துறையில் எல்லோரும் அறிவார்கள். ஆயினும் அதை நுணுக்கமாகப் படிக்கும்போது கிடைக்கும் பாடங்கள் வேறு எதிலும் கிடைப்பதில்லை. உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கப்படும் இந்த மருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் பெருந்துளையைத் திறக்க உதவும் சைக்ளோஃபிலின் டி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு துளை திறப்பதைத் தாமதிக்கிறது. 2008இல் பியோ குழுவினர் பிரான்சில் 58 மாரடைப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதற்குச் சற்று முன், உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் அளவில் இதைச் சிரை வழியே கொடுத்தார்கள். இதயத் தசை அழிவைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் நொதியின் வெளியேற்றம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் அதே அழிவைக் காட்டும் இன்னொரு குறியீடான ட்ரோபோனின் அளவில் புள்ளியியல் பொருளுடைய வேறுபாடு இல்லை. காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்கப்பட்ட 27 பேரில், இறந்த தசையின் இடைநிலை அளவு மருந்து பெற்றவர்களிடம் 37 கிராமாகவும் பெறாதவர்களிடம் 46 கிராமாகவும் இருந்தது. உலகெங்கும் இந்த முடிவு கொண்டாடப்பட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அந்தக் கட்டுரை கைக்குக் கை மாறியது. ட்ரோபோனின் வரியை எத்தனை பேர் நின்று படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

2015இல் சர்க்கஸ் என்னும் பெயரில் வெளிவந்த பெரிய பரிசோதனையில் 970 பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இதயத்தின் முன்புறச் சுவரைத் தாக்கிய பெரிய மாரடைப்பு. ஓராண்டு முடிவில், மரணம், இதயச் செயலிழப்பு மோசமாதல், அதற்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்தல், இடது கீழறை விரிவடைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்களின் விகிதம் மருந்துக் குழுவில் 59.0 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 58.1 விழுக்காடு. பயன் எதுவும் இல்லை. 410 பேரிடம் நடந்த சைக்கிள் என்னும் இன்னொரு பரிசோதனையும் அதையே சொன்னது. சர்க்கஸில் பயன்படுத்திய தயாரிப்பு 2008 ஆய்வில் பயன்படுத்தியதினின்றும் வேறான கொழுப்புக் குழம்பு என்பதைச் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். நான் அதை முழுவதும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால், 58 பேர் கொண்ட ஆய்வில் கிடைத்த நொதி அளவிலிருந்து, ஆயிரம் பேரின் ஓராண்டு வாழ்வை முன்னறிய முடியும் என்று எதிர்பார்த்ததே முதன்மையான சிக்கல் என்பது என் மதிப்பீடு.

கண்காணிப்பாளராக, அடைபட்ட தமனியைப் படமெடுத்துத் திறக்கும் ஆஞ்சியோ அறைகளுக்குச் செல்லத் தொடங்கிய பிறகே, நிமிடங்கள் நடைமுறையில் என்ன ஆகின்றன என்பதை நான் கண்ணால் கண்டேன். ஆய்வுக்கூடத்தில் நூலைத் தளர்த்துவது நாம் தேர்ந்தெடுத்த வினாடி. ஆஞ்சியோ அறையில் அப்படி ஒரு வினாடி இல்லை. சில நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் வண்டியில் கொடுத்த இரத்த உறைவு எதிர்ப்பு மருந்துகளாலோ, தானாகவோ, அறைக்கு வரும் முன்பே தமனி பகுதியளவு திறந்திருக்கும். சிலருக்கு வழிகாட்டிக் கம்பி அடைப்பைக் கடந்ததுமே ஓட்டம் திரும்பிவிடும். பலூன் விரிப்பதோ ஸ்டென்ட் வைப்பதோ அதற்குப் பின்தான். நெறிமுறை ஆவணத்தில் "ஸ்டென்ட்டுக்கு முன் மருந்து" என்று எழுதியிருந்தால், செவிலியர் அதை நேர்மையாகப் பின்பற்றி, ஸ்டென்ட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பு மருந்தைச் செலுத்துவார். ஆனால் கம்பி அதற்கும் பல நிமிடங்கள் முன்பே கடந்திருக்கும். படிவத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். மருந்து மட்டும் தாமதமாக வந்திருக்கும்.

இதற்காக நாங்கள் படிவத்தில் சேர்க்கச் செய்தவை நான்கு நேரங்கள். மருந்து சிரையில் நுழைந்த நேரம், முதல் படத்தில் ஓட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதும் அதன் நேரமும், கம்பி கடந்த நேரம், முழு ஓட்டம் திரும்பியதாகப் படத்தில் தெரிந்த நேரம். இவற்றை ஒரே கடிகாரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினோம். மருந்துப் பதிவேடு சுவர்க் கடிகாரத்தையும் படக் கருவி தன் உள் கடிகாரத்தையும் பின்பற்றினால், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே முழு ஆய்வையும் குழப்பப் போதும். தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இவ்விரு கடிகாரங்களும் ஒத்துப்போகாமல் இருந்ததை ஒரு தொழில்நுட்பர்தான் கவனித்துச் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு மையத்தையும் திறக்கும் நாளில் முதல் வேலையாகக் கடிகாரங்களை ஒப்பிடுவது வழக்கமாயிற்று. எவ்வளவு மருந்து சிரையில் நுழைந்தாலும், அடைபட்ட தமனிக்குப் பின்னால் உள்ள திசுவை அது ஓட்டம் திரும்பும்போதே அடையும் என்பதால், இரத்தத்தில் அதன் செறிவு அந்த நேரத்தில் உச்சத்தில் இருக்குமா என்பதையும் மருந்தின் இயக்கவியலை வைத்து முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்தான மெட்டோப்ரோலால் பற்றிய இரண்டு பரிசோதனைகளை இந்த நேரக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது நல்லது. 2013இல் ஸ்பெயினில் 270 நோயாளிகளிடம் நடந்த மெட்டோகார்டு ஆய்வில், ஓட்டம் திரும்பும் முன் சிரை வழியே 15 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்ட மெட்டோப்ரோலால் இறந்த தசையைக் குறைத்தது; ஒரு வாரத்திற்குள் எடுத்த படங்களில் சராசரி 32.0 கிராமிலிருந்து 25.6 கிராமாக. 2016இல் 683 பேரிடம் நடந்த ஏர்லி-பாமி ஆய்வில் பயன் தெரியவில்லை. இரண்டாவதில் 5 மில்லிகிராம் வண்டியிலும் இன்னொரு 5 மில்லிகிராம் ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் சற்று முன்பும் கொடுக்கப்பட்டது. முதல் ஆய்வின் தரவைப் பின்னர் பகுத்துப் பார்த்தபோது, மருந்துக்கும் தமனி திறப்புக்கும் இடையே நீண்ட நேரம் கிடைத்தவர்களிடமே பயன் மிகுதியாகக் காணப்பட்டது. இதிலிருந்து மெட்டோப்ரோலால் நிறுவப்பட்ட பாதுகாப்பு மருந்து என்று முடிவு கட்டிவிட முடியாது. அளவும் நேரமும் இரண்டு ஆய்வுகளிலும் வேறு வேறாக இருந்தன, ஒரே பெயர் மட்டும் பொதுவாக இருந்தது என்பதே நான் மாணவர்களிடம் சுட்டிக்காட்டும் செய்தி.

நோயாளி ஏற்கெனவே பெறும் மருந்துகள் இன்னொரு பெரிய தடை. டிக்காகிரெலார் போன்ற தட்டணு எதிர்ப்பு மருந்துகள் விலங்குகளில் தாமே இதயத்தைக் காக்கின்றன. இன்று மாரடைப்புக்குச் சிகிச்சை பெறும் ஏறக்குறைய எல்லோரும் இவ்வகை மருந்தைப் பெறுவதால், புதிய மருந்துக்குக் காட்ட மீதமுள்ள இடம் சுருங்கிவிடுகிறது. எதிர்த்திசையிலும் உண்டு. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் கிளைபென்கிளமைடு, முன்பழக்கலுக்குத் தேவைப்படும் பொட்டாசியம் வாயில்களை அடைத்து அதன் பயனை நீக்கிவிடுகிறது. கையில் இரத்த அழுத்தப் பட்டையை ஊதி இறக்கித் தொலைவிலிருந்து இதயத்தைப் பழக்கும் முறையை இதய அறுவைச் சிகிச்சையில் சோதித்த எரிக்கா, ரிப்ஹார்ட் ஆகிய இரண்டு பெரிய ஆய்வுகள் 2015இல் பயனில்லை என்று முடிந்தன. பெரும்பாலான நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட புரோப்போஃபால் என்னும் மயக்க மருந்து அப்பயனை மறைத்திருக்கக்கூடும் என்ற வாதம் இன்றும் நிற்கிறது. ஆனால் மயக்க மருந்து இடையே இல்லாத மாரடைப்பு நோயாளிகளிடம், ஐரோப்பிய நாடுகளில் 5,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட கோண்டி-2/எரிக்-பிபிசிஐ ஆய்விலும் அதே பட்டை முறை பயன் தரவில்லை. எனவே மயக்க மருந்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட எனக்கு மனமில்லை.

காரிபோரைடு பற்றிப் பேசுவோர் இப்போது குறைவு. அது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் மருந்து உண்மையிலேயே வேலை செய்த நிகழ்வு அது. செல்லுக்குள் சோடியம் குவிவதைத் தடுக்கும் இம்மருந்தை, இதயத் தமனி மாற்றுவழி அறுவைக்கு முன்பிருந்தே கொடுத்த எக்ஸ்பெடிஷன் ஆய்வில் 5,761 பேர் இருந்தார்கள். மாரடைப்பு 18.9 விழுக்காட்டிலிருந்து 14.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக உயர்ந்தது. மூளைப் பக்கவாதங்கள் அதிகரித்ததே அதற்குப் பின்னணி. இதயம் காக்கப்பட்டது, மனிதர் காக்கப்படவில்லை. இறந்த தசையின் அளவை மட்டுமே இறுதி அளவீடாக வைக்க விரும்பும் திட்டங்கள் என் மேசைக்கு வரும்போது, இந்த எண்களைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

மூளையைப் பொறுத்தவரை என் நேரடி அனுபவம் சிறிது. ஆகையால் இரண்டு நிகழ்வுகளோடு நிறுத்துகிறேன். தீவிர மூலக்கூறுகளைப் பிடிக்கும் என்.எக்ஸ்.ஒய்.-059 என்னும் மருந்து 2006இல் முதல் பெரிய ஆய்வில் பயன் காட்டியது, 2007இல் அதனினும் பெரிய இரண்டாம் ஆய்வில் எதையும் காட்டவில்லை. பின்னர் அதன் விலங்காய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எழுமாற்று ஒதுக்கீடும் (குலுக்கல் முறையில் குழு பிரித்தல்) மறைப்பும் (எந்தக் குழு என்று ஆய்வாளருக்குத் தெரியாமல் வைத்தல்) கடைப்பிடிக்கப்பட்ட ஆய்வுகளில் பயன் குறைவாகவே இருந்தது தெரிந்தது. இரண்டாவது, 2020இல் 1,105 பேரிடம் நடந்த எஸ்கேப்-என்.ஏ.1 ஆய்வு. நெரினடைடு என்னும் அந்தப் புரதத்துண்டு மொத்தத்தில் பயன் தரவில்லை. கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் பெறாதவர்களிடம் மட்டும் பயன் இருப்பதுபோலத் தோன்றியது. ஆல்டெப்ளேஸ் தூண்டிவிடும் பிளாஸ்மின் என்னும் நொதி அந்தப் புரதத்துண்டை வெட்டிவிடுகிறது என்பதால் அது நம்பத்தக்க விளக்கமாக இருந்தது. ஆனால் ஆல்டெப்ளேஸ் பெறாதவர்களை மட்டுமே சேர்த்துத் தொடர்ந்து நடத்திய ஆய்வும் பயனை உறுதிப்படுத்தவில்லை. துணைக்குழுவில் தென்படும் பயன் புதிய ஆய்வுக்குத் தூண்டுகோலாகலாம், சிகிச்சைக்கு அடிப்படையாகாது.

உறுப்பு மாற்றுத் துறையோடு பழகத் தொடங்கியபோதுதான் இத்துறையின் மேல் எனக்கு நம்பிக்கை மீண்டது. காரணம் எளியது. அங்கே இரத்தம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பது முன்கூட்டியே தெரியும். உறுப்பு மேசைமேல் இருக்கிறது. மருந்தை உடல் முழுவதும் பரப்பாமல் உறுப்புக்குள் மட்டுமே செலுத்தலாம். பெல்சரும் சௌத்தார்டும் 1980களில் உருவாக்கிய விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கரைசலில் அலோப்யூரினால், குளூட்டத்தையோன், அடினோசின் ஆகியவை செல் வீங்காமல் தடுக்கும் லாக்டோபயோனேட், ராஃபினோஸ் போன்றவற்றோடு கலந்திருக்கின்றன. கல்லீரலையும் கணையத்தையும் பல மணி நேரம் குளிரில் பாதுகாக்க அது வழி செய்தது. ஆயினும் இங்கே பெரும் பங்கு ஆற்றுவது குளிர்ச்சி என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்த கொடையாளர்களின் உடல் வெப்பத்தை 34 முதல் 35 டிகிரிக்குத் தணித்தபோது, சிறுநீரகம் பெற்றவர்களில் முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டோர் 39 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாகக் குறைந்தார்கள். மருந்தே இல்லை, போர்வையும் வெப்பமானியும்தான். 2021இல் வெளியான இன்னொரு ஆய்வில், இதயத்துடிப்பு நின்ற கொடையாளர்களின் கல்லீரலைப் பொருத்துவதற்கு முன் குளிர்ந்த, ஆக்சிஜன் ஏற்றிய கரைசலை இயந்திரத்தால் பாய்ச்சியபோது, பித்தநாளக் குறுக்கம் 18 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகியது. குளிரில் ஆக்சிஜன் கிடைப்பதால், தேங்கிய சக்சினேட் மெல்லத் தீர்ந்து, சூடான இரத்தம் வரும்போது வெடிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். இம்மாதிரி இயந்திரங்களில் இணைத்து மருந்துகளைச் சோதிப்பதே அடுத்த நல்ல வாய்ப்பு என்று கருதுகிறேன். புதிய மாணவர்களை இப்போது அந்தப் பக்கமே அனுப்புகிறேன்.

நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நான் சொல்பவை இவற்றிலிருந்தே வருகின்றன. மாரடைப்பில் மீளோட்டக் காயத்தைத் தடுப்பதற்கென்றே வழக்கமான சிகிச்சையில் இடம்பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. தமனியை விரைந்து திறப்பதுதான் தசையைக் காப்பதற்கு நிறுவப்பட்ட வழி. ஆகவே மீளோட்டத்தால் காயம் வரும் என்று எங்கோ படித்துவிட்டுச் சிகிச்சைக்குத் தயங்குவது ஆபத்தானது. தமனியைத் திறக்காமல் விட்டால் இழக்கும் தசையைவிட மீளோட்டத்தால் இழக்கும் தசை குறைவு. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரைகளை முன்கூட்டியே உட்கொண்டு வந்தால் மாரடைப்பின்போது இதயம் தப்பும் என்ற விளம்பரங்களுக்கும் ஆதாரமில்லை.

பரிசோதனையில் சேரும்படி அவசர நேரத்தில் கேட்டால், படிவத்தை முழுதும் படிக்க நேரமிருக்காது. அப்போது கேட்க வேண்டியவை சில. இந்த மருந்துக்காகத் தமனி திறப்பது ஒரு நிமிடமேனும் தள்ளிப்போகுமா? மறுத்தால் வழக்கமான சிகிச்சையில் ஏதேனும் மாறுமா? இதற்கு முன் மனிதர்களிடம் இம்மருந்தால் ஏற்பட்ட கேடு என்ன? முதல் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்ற தெளிவான விடை வர வேண்டும். மூன்றாவதற்கு எதுவுமே இல்லை என்று ஒருவர் சொன்னால், ஆய்வு மருத்துவரையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கூடவே, நோயாளி அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளை, குறிப்பாக நீரிழிவு மாத்திரைகளையும் இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகளையும், பெயரும் அளவும் எழுதிய ஒரு தாளாக வைத்திருந்து முதலில் பார்க்கும் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு உட்கொண்டார், வலி எப்போது தொடங்கியது என்ற இரண்டு நேரங்களும் அதே தாளில் இருந்தால், சிகிச்சை செய்பவருக்கும் ஆய்வு செய்பவருக்கும் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டிய தேவை இருக்காது.